கைப்பிடி தளர்ந்த வருஷம்

எங்கள் தோட்டத்துப் பக்கம் பைகாரா கரண்டுக் கம்பி வருவதற்கு முந்தின கோடையில், என் வலது கையிலிருந்து ஒரு காளை நழுவி ஓடியது. கயிறு அறுந்திருந்தால் கயிற்றைக் குறை சொல்லலாம். மாடு மிரண்டு திமிறியிருந்தால் மாட்டைக் குறை சொல்லலாம். இரண்டும் இல்லை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற கவலை ஏற்றத்தில் பூட்டுவதற்காக மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடு தலையை ஒரு தரம் திருப்பியது. என் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன.

அன்றைக்கு என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். கிணற்று மேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் இரண்டே எட்டில் போய் அந்தக் காளையை மடக்கிப் பிடித்துக் கட்டுத்தறியில் கட்டினார். என்னைவிட மூத்தவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"என்னங்க மாப்ள, கையில தெம்பில்லீங்களா?"

"வேர்வைங்க மச்சான். வழுக்கிப் போச்சு."

அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர், "இருக்கட்டும் அம்மணி, கெணத்துலயே குடிச்சுட்டேன்" என்றார். கிணற்றடியில் நான் அவர் கூடவேதான் இருந்தேன். அவர் குடிக்கவில்லை.

அந்த ஒரு சொம்புத் தண்ணீரில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

உண்மையில் கைக்கு என்னவோ ஆகியிருப்பது எனக்கு முன்பே தெரியும். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சில மாதங்களாகவே மரத்துப் போயிருந்தன. சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரக்குமே, அதுபோல. ஆனால் இது தெளியவே இல்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்கு நேரம் பிடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருந்த சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. வயசு ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, இந்த வயசில் யாருக்குத்தான் கை முன்போல இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே நம்பிக்கை வரவில்லை.

நம்பிக்கை வராததற்குக் காரணம் இருந்தது. என் அப்பாவுக்குச் சித்தப்பா முறையான ஒருவருக்கு இப்படித்தான் சுண்டுவிரல் மரத்துப்போய் ஆரம்பித்ததாம். பிறகு விரல்கள் மடங்கின. பிறகு தோட்டத்துக் கோடியில் ஒரு சாளை போட்டு அவரைத் தனியாக வைத்தார்கள். சோற்றைக் கல்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சாளை இருந்த இடத்தில் வேலி கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், அங்கே உழ மாட்டோம். பெருநோய் என்றோ குஷ்டம் என்றோ எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்குப் பெண் பேச வந்த காலத்தில் என் மைத்துனர் வீட்டார் அதை விசாரித்துத்தான் கொடுத்தார்கள். அவருக்கு அது மறந்திருக்காது.

இன்னொன்றும் இருந்தது. என் மகளை அவர் மகனுக்குக் கொடுப்பது என்று அவள் தொட்டிலில் கிடந்த நாள்முதல் பேச்சு. அந்த வைகாசியில் உறுதிவார்த்தை பேசி நிச்சயம் செய்துகொள்வதாக இருந்தது. காளை நழுவின பிறகு வைகாசி போயிற்று. "ஆடி கழியட்டுங்க மாப்ள" என்று ஆள் சொல்லி அனுப்பினார். ஆடியும் கழிந்தது. "பையனுக்குத் திருப்பூருல ஒரு வேலை பேசிட்டிருக்கு, அது முடியட்டும்" என்றார். அவர் மகனுக்கு வேலை தேட வேண்டிய அவசியமே இல்லை; நல்ல பண்ணையம் இருந்தது.

இதற்கிடையில் நான் என் வீட்டுக்குள்ளேயே ஒற்றன்போலத் திரிய ஆரம்பித்தேன். நான் சாப்பிடும் வட்டலை மட்டும் தனியாகக் கழுவிப் புழக்கடைப் பொடக்காலிச் சுவர்மேல் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்ததை ஒரு நாள் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். மனைவியைக் கேட்டேன்.

"எதுக்கு என்ற வட்டல மட்டும் வெயில்ல வெச்சிருக்கற?"

"ஈயம் பூசுனதுங்க. காயட்டும்னு வெச்சேன்."

ஈயம் பூசுகிறவர் வந்தால் வீட்டுப் பாத்திரம் அத்தனைக்கும் பூசிவிட்டுத்தான் போவார். ஒரே ஒரு வட்டலுக்குப் பூச வரமாட்டார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேறொரு பதில் சொல்வாள், அதையும் நான் நம்பமாட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வழியில் நின்று "சௌக்கியங்களா?" என்று கேட்டால்கூட, ஏன் இன்றைக்கு இவ்வளவு அக்கறை என்று தோன்றியது. துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு நடக்கப் பழகினேன். அப்படி நடப்பதைப் பார்த்து ஜனங்கள் என்ன நினைப்பார்களோ என்று மறுபடி துண்டைத் தோளுக்கு மாற்றினேன்.

கடைசியில் ஒரு நாள், பருத்தி விலை விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே எங்கள் பல்லடத்து ஆட்கள் யாராவது கட்டாயம் இருப்பார்கள். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். பழைய ஜெர்மன் சண்டையில் பட்டாள டாக்டராக மெசபடோமியாவுக்குப் போய்வந்தவர். அவர் வாசலில் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாத டாக்டர் எப்படி நல்ல டாக்டராக இருப்பார் என்று ஒரு சந்தேகம். கூட்டம் இல்லாததால்தானே வந்தோம் என்று என்னை நானே அடக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் என் கையை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் விரல் விரலாகத் தடவி, "தெரியுதா?" என்று கேட்டார். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஊற்றி மாற்றி மாற்றி வைத்து எது எது என்று கேட்டார். மரத்த விரல்களில் சிலசமயம் தப்பாகச் சொன்னேன். அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சட்டையைக் கழட்டுங்க. முதுகைப் பார்க்கணும்."

"முதுகுல ஒண்ணுமில்லீங்க டாக்டர். கையை மட்டும் பாருங்க, போதும்."

முதுகில் ஒன்றுமில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியைப் பிடித்துத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். முழுசாகத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்கவும் துணிவில்லை. அங்கே பெருநோயின் வெள்ளைத் தேமல் இருந்து, அதை இந்த மனிதர் பார்த்துவிட்டு சர்க்காருக்கு எழுதிவிட்டால்? சட்டைக் கையை முழங்கைவரைகூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வற்புறுத்தவில்லை.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். முட்டை வடிவத்தில் வளைத்த எஃகுத் தகடு; நடுவில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டமும் ஒரு முள்ளும். அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் பலத்துக்குத் தகுந்தபடி முள் நகரும். வலது கையால் அமுக்கினேன். கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்தைக்கூட முள் தொடவில்லை. இடது கையால் அமுக்கினேன். ஐந்தை நெருங்கியது.

"நீங்க வலது கைக்காரர்தானே?"

"ஆமாங்க."

"அப்படீன்னா வலதுதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கணும். ஐம்பது தாண்டினா ஆம்பளைக்குக் கைப்பிடி கொஞ்சங் கொஞ்சமாக் குறையும். அது எல்லாருக்கும் உண்டு. ஆனா ரெண்டு கையிலயும் ஒண்ணாக் குறையணும்." கருவியைக் கீழே வைத்தார். "உங்க இடது கை உங்க வயசுக்குச் சரியா இருக்கா, அதுவும் குறைஞ்சிருக்கான்னு எனக்குத் தெரியணும். ஒரு கை மட்டும் போயிருந்தா ஒரு அர்த்தம். ரெண்டும் போய்க்கிட்டிருந்தா வேற அர்த்தம்."

"அதுக்குக் கணக்கு இருக்குமுங்களே?"

"இருக்கு. இந்தக் கருவியோட வந்த புஸ்தகத்துல இருக்கு. எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், வாலிபப் பசங்க. ஐம்பத்தஞ்சு வயசுல, கயிறும் மண்வெட்டியும் பிடிச்சுக் காய்ச்சுப்போன உங்க ஊர்க் கைக்கு எவ்வளவு இருக்கணும்னு யாரும் பார்த்ததா எனக்குத் தெரியலை. உங்க வயசுல, உங்க வேலை செய்யறவங்க நாலு பேரை நான் பார்க்கணும்."

"பெருநோயுங்களா டாக்டர்?" சொல்லியே விட்டேன்.

"அப்படித் தோணலை. ஆனா பாதி உடம்பைக் காட்டிட்டு முழுசாப் பதில் கேட்டா நான் என்ன சொல்ல?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த 'அப்படித் தோணலை'யைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இல்லை என்று அவர் சொல்லவில்லை. தோணலை என்றார். ஊருக்கு வந்து பார்க்கிறேன் என்று வேறு சொன்னார். பல்லடத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு அவர் அடிக்கடி வருவாராம். அடுத்த சந்தை நாளில் வந்தால் அப்படியே எங்கள் தோட்டத்துக்கும் வந்துபோவதாகச் சொன்னார். ஒரு டாக்டர் எதற்காக மோட்டாரில் தோட்டத்துக்கு வரவேண்டும்? என் வீட்டையும் வேலியையும் பார்த்துவைத்துக்கொள்ளவா? வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராதுபோல் இருந்தது.

ஊரில் என் வயசுக்காரர்களிடம் இப்படிச் சொன்னேன்: கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார், வயசானவர்களின் கைபலத்தை அளந்து பார்க்கிற ஆராய்ச்சி செய்கிறார், காசு பணம் ஒன்றும் வாங்கமாட்டார். காசு வாங்கமாட்டார் என்று சொன்னதுதான் தப்பு. எல்லார் முகமும் மாறிப்போயிற்று.

சந்தை நாள் மத்தியானம் என் பருத்திக் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர், தச்சர், செக்கு வைத்திருந்தவர், இன்னும் சிலர். எல்லாரும் வெற்றுடம்பும் துண்டுமாக வந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் சட்டை போட்டிருந்தேன். டாக்டரின் கார் வந்து நின்று, அவர் கருவியைத் தோல் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் கொட்டகைக்குள் பேச்சு ஓடிவிட்டது.

"கெவுருமெண்ட்டு ஆளுங்களா இவுரு?"

"இல்லீங்க, சொந்தமா வைத்தியம் பாக்கறவருங்க" என்றேன்.

"அப்புறம் எதுக்கு நம்ம கைபலத்தப் பாக்கறாரு? கையில பலமிருக்குதுன்னு எழுதிக்கிட்டுப் போயி நெலத்துக் கிஸ்திய ஏத்தப் போறாங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

"கிஸ்தி இல்லீங்க. சண்டைக்கு ஆளெடுக்கறாங்க" என்றார் செக்குக்காரர்.

"உங்களையா? இந்த வயசுலயா?" என்று தச்சர் சிரித்தார். ஆனால் சிரிப்பை நடுவில் நிறுத்திக்கொண்டு, "மூட்டை தூக்கறதுக்குக் கூட்டிட்டுப் போவாங்களோ என்னமோ" என்றார்.

டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கருவியைக் கையில் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதை வாங்கிக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். முள் இரண்டில் நின்றது. செக்குக்காரர் பல்லைக் கடித்து முகத்தைச் சுருக்கிப் பெரிதாக முக்கினார். முள் இரண்டைத் தாண்டவில்லை. தச்சரும் அப்படியே. நாள் முழுக்க வாள் இழுக்கிற கை! முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்ல மெல்லச் சந்தோஷம் வந்தது. எல்லாருக்கும் இரண்டுதான். எனக்கும் இரண்டுதான். இந்த வயசில் கைப்பிடி இவ்வளவுதான்போல. ஊரே என்னைப்போலத்தான் இருக்கிறது.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவங்க யாரும் அமுக்கலை. நிஜமா அமுக்குற கை நடுங்கும், கழுத்து நரம்பு எழும்பும். இவங்க மூஞ்சியாலதான் அமுக்கறாங்க. என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

என் சந்தோஷம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என் மைத்துனர் உள்ளே வந்தார். நான் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. யார் சொன்னது? வீட்டுப் பக்கம் பார்த்தேன். என் மனைவி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"என்னமோ கருவியின்னாங்களே, அதைக் குடுங்க பாக்கலாம்" என்றார் மைத்துனர். அவருக்குக் கிஸ்தி பயமும் இல்லை, சண்டை பயமும் இல்லை. வாங்கிப் பிடித்து ஒரே அமுக்கு. தோள் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. முள் ஆறைத் தாண்டிப் போய் நின்றது. அறுபதை நெருங்கின மனிதர்! 

அதற்குப் பிறகு யாருக்கும் பொறுக்கவில்லை. தச்சர்தான் முதலில் எழுந்தார். "முந்தி சரியாப் புடிக்கலீங்க, இன்னொருக்காக் குடுங்க." ஆறைத் தொட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிஸ்தியை மறந்து ஐந்தரைக்குப் போனார். செக்குக்காரர் ஆறுக்குக் கொஞ்சம் கீழே. ஒருவருக்கு ஐந்து. எப்போதும் இருமிக்கொண்டிருந்த ஒருவருக்கு நாலு. இடது கை எல்லாருக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது.  டாக்டரின் பார்வை என் இடது கைமேல் வந்து நின்றதைப் பார்த்தேன். ஐந்துக்குக் கொஞ்சம் கீழே நின்ற என் இடது கை இவர்கள் எல்லாருக்கும் நடுவில் சரியாக இருந்தது. வயசு அதைத் தின்றுவிடவில்லை. அப்படியானால் வலது கையைத் தின்றது வயசு அல்ல.

"மாப்ள, நீங்க?" என்றார் மைத்துனர்.

"நான் முந்தியே பாத்துட்டனுங்க."

"நாங்க பாக்கலீங்களே."

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கருவியை வலது கையில் வாங்கினேன். என்னால் முடிந்தமட்டும் அமுக்கினேன். தோளிலிருந்து நடுங்கியது. வேர்த்தது. முள் ஒன்றைத் தாண்டி இரண்டுக்குப் போகாமல் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செக்குக்காரர் மெதுவாக, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"சட்டையக் கழட்டுங்க மாப்ள" என்றார் மைத்துனர்.

டாக்டர் குறுக்கே வந்தார். "அதை இங்கே, இத்தனை பேர் முன்னால…"

"இங்கதானுங்க பாக்கோணும். உள்ள கூட்டிட்டுப் போயிப் பாத்தீங்கன்னா, வெளிய வந்து நீங்க என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கிவைத்தால் போதும் என்று இருந்தது. பொத்தான்களோடு போராடினேன். என் விரல்கள் தடுமாறுவதை எல்லாரும் பார்த்தார்கள். கடைசிப் பொத்தானை மைத்துனரே குனிந்து கழற்றிவிட்டார்.

டாக்டர் என்னை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, தோள், காது மடல், கழுத்து எல்லாம் பார்த்தார். இறகை எடுத்துத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு தேமலும் இல்லை என்றார். பிறகு ஒரு அடி பின்னால் போய் நின்றவர், என் கையையே உற்றுப் பார்த்தார். கூட இருந்தவர்களின் கைகளையும் பார்த்தார். "எல்லாரும் கையைத் தொங்கவிட்டு நில்லுங்க" என்றார். நின்றார்கள். வெற்றுடம்பாக வரிசையாக நின்ற அந்தக் கைகளின் நடுவே என் வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாகக் கோணி இருந்தது. எனக்கு அது பழகிப்போனது. பிறவியிலேயே அப்படி என்பதுபோல மறந்தே போயிருந்தேன்.

"இந்தக் கை எப்ப ஒடிஞ்சது?"

"சின்ன வயசுலங்க. வண்டியில இருந்து உளுந்து. மூங்கப்பத்தை வெச்சு, முட்டை வெள்ளை போட்டுக் கட்டுனாங்க. நல்லா ஆயிப்போச்சுங்களே."

"நல்லா ஆகலை. கோணலா ஒட்டியிருக்கு." சொல்லிக்கொண்டே முழங்கைக்குப் பின்னால், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு விரலால் தட்டினார். சுண்டுவிரல்வரை மின்னல் பாய்ந்ததுபோல் இருந்தது. "அய்யோ!" என்று துள்ளிவிட்டேன்.

"இங்கதான் இருக்கு கோளாறு. கைக்குப் போற நரம்பு இந்தக் கோணல் எலும்பைச் சுத்திட்டுப் போகுது. மடக்கி நீட்டற ஒவ்வொரு தடவையும் அது இழுபட்டுத் தேயுது. உங்களுக்கு வந்திருக்கறது பெருநோய் இல்லை." கடைசி வாக்கியத்தை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"இத்தனை காலம் சும்மா இருந்துட்டு இப்ப எப்படிங்க வரும்?" என்று கேட்டது மைத்துனர் இல்லை. நான்தான் கேட்டேன்.

"மெதுவா ஆகற வேலை அது. கிழவனாகிற வயசுலதான் தெரிய வரும். அன்னைக்கு என் ரூம்ல சட்டையைக் கழட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அவர் கிளம்பும்போது முழங்கையை ஊன்றி உட்காரக் கூடாது, மடக்கி வைத்துத் தூங்கக் கூடாது என்றார். சென்னைப் பட்டணத்தில் ஒரு சர்ஜன் இருக்கிறார், அந்த நரம்பை இடம் மாற்றி வைப்பார் என்றார். நான் போகவில்லை. கத்தி வைக்கிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை. இருந்த பலம் அதற்குமேல் அதிகம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. இடது கையால் மாடு பிடிக்கவும் கயிறு இழுக்கவும் பழகிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் அந்த வட்டலைப் பற்றிக் கேட்டேன். இந்தத் தடவை அவள் ஈயத்தைச் சொல்லவில்லை.

"சந்தேகந்தானுங்க. அண்ணன்தான் தனியா வெக்கச் சொல்லுச்சு. வெச்சேன்."

"உனக்கும் சந்தேகமா?"

"இருந்துச்சுங்க. எதுக்குப் பொய் சொல்றது? வட்டலத் தனியா வெச்சனே தவிர, நான் தனியாப் போகலீங்களே."



ஒரு வாரத்துக்குள் மைத்துனர் தேங்காய் பழத்தோடு வந்தார். உறுதிவார்த்தைக்கு நாள் பார்த்துவிட்டு வந்திருந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தபோது சொம்பை வாங்கி, அண்ணாந்து குடிக்காமல், எனக்குத் தெரியும்படி உதட்டில் வைத்தே குடித்தார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. எனக்குக் காட்டுவதற்காகக் குடிக்கிறார் என்று பட்டது.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த டாக்டரு வேற மாதிரி சொல்லியிருந்தா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "வேற மாதிரி சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனுங்க மாப்ள. எனக்கும் ஒரே பையன். உங்க பக்கம் முந்தி நடந்தது எனக்குத் தெரியும். ஆனா ஊருக்குள்ள ஒருத்தருகிட்டயும் நான் வாயத் தொறக்கல. அத நீங்க நம்போணும்."

முதல் பாதியை உடனே நம்பினேன். இரண்டாவது பாதியை நம்ப எனக்குச் சில வருஷங்கள் ஆயின. கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. காரமடைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிலர் மொய் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பந்தியில் உட்காராமல் போனார்கள். அந்த பஸ் நிஜமாகவே அந்த நேரத்தில்தானா என்று பிற்பாடு நான் விசாரித்தேன். நிஜந்தான். அப்போதும் மனம் முழுசாக ஆறவில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், நான் பார்த்தேயிராத ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். பெருந்துறைப் பக்கம் என்றார். என் வயசு இருக்கும். வெயிலிலும் ஒரு போர்வையைத் தோளோடு இழுத்துப் போர்த்தியிருந்தார். நிழலுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. தள்ளியே நின்றுகொண்டு, "உங்களுக்குக் கை பாத்தாருன்னு சொன்னாங்களே ஒரு டாக்டரு, அவுரு எங்க இருக்கறாருங்க?" என்று கேட்டார்.

இந்த ஆளை மைத்துனர் அனுப்பியிருப்பாரோ? அல்லது பந்தியில் உட்காராமல் போனவர்கள் என்னை மறுபடி நோட்டம் பார்க்க அனுப்பினார்களோ? "யாரு சொன்னாங்க உங்களுக்கு? எதுக்குக் கேக்கறீங்க?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினார். முழங்கைக்கு மேல், உள்ளங்கையகலத்துக்கு, தோல் வெளுத்து வறண்டிருந்தது.

"ஊட்டுல இன்னும் யாருக்குந் தெரியாதுங்க" என்றார்.

என் கால் ஒரு அடி பின்னால் போனது. நான் அதை வைக்கவில்லை, தானாகப் போனது. அவர் அதைப் பார்த்தார். பார்த்தும் நின்றுகொண்டே இருந்தார். கொட்டகையில் செக்குக்காரர் தள்ளி உட்கார்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று அப்போது நினைவு வந்ததாகச் சொன்னால் அது அழகாக இருக்கும். உண்மையில் அப்படி எதுவும் வரவில்லை. இந்த மனிதர் தனியாகப் போனால் அந்தச் சந்துக்குள் டாக்டரைக் கண்டுபிடிக்கமாட்டார், பாதி வழியிலேயே பயந்து திரும்பிவிடுவார் என்றுதான் தோன்றியது. டாக்டரை முதலில் பார்ப்பதற்கு முன் நானே இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன்.

"இருங்க. சட்டைய மாட்டிட்டு வாரேன்" என்றேன்.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.  நான் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டாக்டர் அவரைப் பார்த்து முடித்ததும் ஒளிக்காமல் சொன்னார்: அதுதான், ஆனால் ஆரம்பந்தான். நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட வேண்டும், நெடுநாள் விடாமல் வரவேண்டும். பெருந்துறைக்காரர் போர்வையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "வாரனுங்க" என்றார்.

விடாமல்தான் வந்தார். ஊசி போட்ட இடம் வீங்கி வலிக்கும் என்பார். தேமல் பெரிதாகவில்லை, விரல்கள் மடங்கவில்லை. வீட்டாருக்கு எப்போது சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அடுத்த வருஷம் அறுவடை சமயத்தில் ஒரு சாக்கு நிலக்கடலையைத் தாமே சுமந்து கொண்டுவந்து களத்தில் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார். என் மனைவி அதில் கொஞ்சம் அள்ளி உப்புப் போட்டு வேகவைத்தாள். கடலை வெந்த போசியை நடுவில் வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு உரித்துத் தின்ன ஆரம்பித்தாள். நான் அவர் கை பட்ட அந்தக் கடலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வெந்ததுதானுங்க, தின்னுங்க" என்றாள்.

இடது கையால் ஒன்றை எடுத்து உரித்தேன்.